டெண்டரின் இடது பக்கத்துப் பள்ளம்

கரி வாசனையோடு வீட்டுக்குள் வரும் என் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் தாத்தா பக்கத்தில் இருந்தாலும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்குச் சித்தப்பா செல்லப்பிள்ளை.

மூட்டை அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். யாராவது வந்தால் பாதியில் நிற்கும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் பித்தளையில் செய்த குட்டி ரயில் இன்ஜின் நன்றாக இருக்கிறது. அளவுக்கு மேல் நன்றாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம்.

நீங்கள் போன மறுமாதமே சித்தப்பா அயோத்தியாப்பட்டணத்து லேத் பட்டறையை விட்டுவிட்டு, துணைக்கு இருக்கிறேன் என்று வாழப்பாடிக்கு வந்துவிட்டார். தினமும் அதைத் துணி போட்டுத் துடைக்கிறார். ஆறு வருஷம் நீங்கள் பித்தளைத் தகடு வெட்டியபோது, ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வேலை பார்த்த களைப்பில் அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர்தானே? திடீரென்று எங்கிருந்து வந்தது இந்தப் பாசம்?

துக்கம் கேட்க வந்தவர்களிடம், அண்ணன் செய்தது என்றார். பிறகு, அண்ணனும் நானும் சேர்ந்து செய்தது. போன வாரம் பால்காரரிடம், நான் செய்தது, அண்ணன் அளவு மட்டும் எடுத்துக் கொடுத்தார் என்றார். பால்காரர் சிரித்துக்கொண்டே, "அப்ப ஆறு வருசமா ஊட்டு வாசல்ல ரம்பத்தோட உக்காந்திருந்தது ஆருங்க?" என்று கேட்டார். சித்தப்பாவும் சிரித்தார். மறுநாளிலிருந்து வேறு பால்காரர் வருகிறார்.

உங்கள் இடத்தில் அம்மாவுக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று ரயில் இன்ஜின் ஷெட்டிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள், அப்பா. கூஜா கழுவுகிற வேலையானாலும் ரயில்வே வேலை. அம்மா அன்று ராத்திரி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அதற்கப்புறம்தான் சித்தப்பா ஒரு இங்கிலீஷ் காகிதம் கொண்டுவந்தார். பென்ஷனுக்கு என்றார். அவர் குளிக்கப் போனபோது அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். அந்த வேலையைக் கொழுந்தனாருக்குக் கொடுப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அம்மா சொல்வதாக இருக்கிறது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள்.

நாளைக் காலையில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ரயில்வே அதிகாரி வீட்டுக்குப் போகிறார்கள். கைவேலை தெரிந்தவன் என்று காட்ட இன்ஜின், கையெழுத்துப் போட அம்மா. நான் ஒன்பதாவதோடு நின்று தறிக்குப் போகலாம் என்று சித்தப்பா முடிவு செய்துவிட்டார். இதையெல்லாம் "சாமி, சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டேதான் சொல்கிறார்.

அந்தப் பள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். கரியும் தண்ணீரும் சுமக்கிற டெண்டரில், இடது பக்கம். ஷெட்டில் இன்ஜினுக்குத் தண்ணீர் நிரப்பும் தூண் இடித்து, நிஜ இன்ஜினில் ஒரு சாண் அகலத்துக்கு விழுந்தது. அடிக்கு அரை அங்குலம் என்று நீங்கள் குறைத்தபோது என் சுண்டுவிரல் நகத்தளவு வந்தது. தகட்டை நாலு நாள் தேய்த்து வழவழப்பாக்கினீர்கள். அப்புறம் ஆணித்தலையை வைத்து ஒரே தட்டு.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "ஏனுங்க, நல்லா இருக்கிற தகட்டை எதுக்கு நசுக்கறீங்க?"

"அந்த அடி இல்லீன்னா இது வேற இன்ஜின்" என்றீர்கள்.

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தேன். பள்ளத்தைக் காணோம். லப்பம் வைத்து அடைத்து, மேலே கறுப்பு பெயிண்ட். "அண்ணன் எப்பவோ கீழ போட்டிருப்பாரு சாமி, நாந்தான் சரி பண்ணுனேன்" என்றார் சித்தப்பா. தான் செய்த இன்ஜினில் எது வேண்டுமென்றே வைத்த பள்ளம் என்று ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆனால் அப்பா, அம்மாவுக்குத் தெரியுமே. லப்பம் பிசைந்து கொடுத்ததே அம்மாதான், கிண்ணம் முற்றத்தில் கிடந்தது. ஏன் வாயைத் திறக்கவில்லை? காகிதத்தில் என்ன இருக்கிறது என்று நான் சொன்னபோதும், "நீ போய்ப் படி" என்று மட்டும்தான் சொன்னார். அம்மாவும் சித்தப்பாவும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்று நேற்றெல்லாம் நினைத்தேன். அம்மா போட்ட சோற்றைக்கூடச் சந்தேகத்தோடு சாப்பிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

இன்று சாயங்காலம் சித்தப்பா கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க ஆகியும் நகம் வெண்ணெயில் இறங்குவதுபோல் உள்ளே போனது. முகர்ந்தேன். விளக்கெண்ணெய்.

லப்பத்துக்கு ஆளிவிதை எண்ணெய்தான் என்று நீங்கள் அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? விளக்கெண்ணெய் ஊற்றினால் ஜென்மத்துக்கும் காயாது என்று. ஆறு வருஷம் உங்களுக்குப் பிசைந்து கொடுத்தவருக்கு அது மறந்துபோகுமா? சேலம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போய், அதிகாரி மேசையில் வைக்கும்போது அந்த லப்பம் என்ன ஆகும்?

தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா படுத்திருக்கிறார். குறட்டை இப்போது நின்றுவிட்டது.

உங்கள் அளவு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பூகோளப் புத்தகத்தின் அட்டைக்குள். டெண்டர், இடது பக்கம், பள்ளம் ஒரு சாண் என்று உங்கள் கையால் எழுதி, படம் போட்டு, நிஜ இன்ஜினில் எப்படி விழுந்தது என்பதும் அதில் இருக்கிறது. சித்தப்பா இரண்டு நாளாகப் பரண் மேல் எதையோ தேடுகிறார். நோட்டு என்னிடம் இருப்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. நாளைக்கு நானும் அந்த பஸ்ஸில் ஏறுவேன், அடித்தாலும் இறங்க மாட்டேன். அம்மா பேனாவைக் கையில் எடுப்பதற்கு முன்னால், அந்த அதிகாரி பார்க்க லப்பத்தை வழித்தெறிந்துவிட்டு நோட்டை மேசையில் வைப்பேன். இவர் செய்தாரென்றால் இந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று கேளுங்கள் என்பேன்.

உங்கள் டெண்டருக்கு மிளகளவு கரி உடைத்துக் கொடுத்த
உங்கள் மகள்

அப்பா, கதவு தட்டுகிறார்கள். மெதுவாக. "சாமி" என்கிறார்கள். இந்த வீட்டில் இரண்டு பேர் என்னை அப்படிக் கூப்பிடுவார்கள்.

அம்மா குரல்தான். "தூங்கலீன்னா கதவைத் தொற சாமி. அப்பாவோட அளவு நோட்டு உன்ற கிட்டதான இருக்குது? எடுத்து என்ற மடியில கட்டு. காலையில நாந்தா அந்த ஆபீசரு மேசையில