ஏற்றத்தில் தேய்ந்த செயின்

ஆகஸ்ட் 4, திங்கள்

பொக்லைனின் இடது செயின் இன்று இரண்டு தடவை பல்லை விட்டுக் குதித்தது. குவாரிக் குழியின் அடியில் நின்று கல் அள்ளும்போது குதித்தால் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஏற்றத்தில் குதித்தால் லீவரை இறுகப் பிடித்துக்கொள்கிறேன். முப்பது டன் இரும்பு, அதற்குள் நான் ஒருவன்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாற்றும்போது மாப்பிள்ளையிடம் சொன்னேன். "தொளதொளன்னு கிடக்கு மச்சான். இன்னிக்கு இறுக்கிடறேன்" என்றான். எதற்கெடுத்தாலும் இறுக்குவான். போன வருடம் வேறோர் இடத்தில் அவன் ஓட்டிய வண்டியின் செயின் கழன்று, மூன்று நாள் வண்டி படுத்துவிட்டது. ஊரே சிரித்தது. அன்று பிடித்த பயம், செயினை இறுக்கும் கிரீஸ் துப்பாக்கியை எடுத்தால் கீழே வைக்க மனசு வராது அவனுக்கு. தங்கை புருஷனாயிற்றே, இந்த வேலைக்குக் கூட்டி வந்தவனும் நானாயிற்றே என்று நானும் ஒன்றும் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 5

மனைவிக்கு ஆறாம் மாதம். உதைக்கிறதாம். "உங்க வண்டி மாதிரியே, நேரம் காலம் கிடையாது" என்றாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடுமுறை. கண்டெய்னர் அறையில் மல்லாந்து கிடப்பதற்கு இங்கே அப்படி ஒரு பெயர். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மலை, கை நீட்டினால் தொடலாம். மாப்பிள்ளை குறட்டை விட்டால் தகரம் அதிர்கிறது.

அறையில் போன் வேலை செய்யாது. குழியிலும் செய்யாது. ஏற்றத்தின் உச்சியில், டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கும். ஷிஃப்ட் முடிந்தால் வேன் நேரே அறைக்கு வந்துவிடும், நடுவில் நிற்காது. ஏற்றத்தில் நடந்து போகக் கூடாது, டிப்பர்கள் ஓடுகின்றன. அதனால்தான் இந்த ஏற்பாடு. பன்னிரண்டு மணிக்குப் பாறைக்கு வெடி வைப்பார்கள். வண்டியைக் கொஞ்சம் தள்ளி ஒதுக்குப்புறமாக நிறுத்தினால் போதும். நான் நிறுத்துவதில்லை. டீசல் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு உச்சிவரை ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். பத்து நிமிடம் அவளோடு பேச்சு. பிறகு இறங்கிவிடுவேன். பிப்ரவரியில் ஊருக்குப் போய் வந்த ஒரு வாரம் தவிர, ஏழு மாதமாக இதுதான் நடக்கிறது. யாருக்கு என்ன நஷ்டம்?

சூப்பர்வைசர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அக்டோபரில் எங்கள் இருவரில் ஒருவரை நகரத்துப் பட்டறைக்கு மாற்றுவாராம். "ஒழுங்கா ஓட்டறவன் போவான்" என்றார். பட்டறையிலிருந்து வீடு இரண்டு பஸ் ஸ்டாப். பிரசவத்துக்கு நவம்பர் இரண்டாம் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மூத்தவள் பிறந்தபோதும் நான் இதே மாதிரி வேறொரு குழிக்குள் கிடந்தேன். நாற்பது நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். யாரோ வேற்றாள் தூக்கினதுபோல் வீறிட்டு அழுதாள்.

இந்தத் தடவை அப்படி விட மாட்டேன்.

ஆகஸ்ட் 18

செயினைச் சுற்றும் பல்சக்கரத்தின் பற்கள் தேய்ந்து கூராகிவிட்டன. செயின் ஓடவேண்டிய மணிநேரத்தில் பாதிகூட இன்னும் ஓடவில்லை. சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பட்டறையிலிருந்து மெக்கானிக் வருகிறாராம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மெக்கானிக் வந்தார். காதுவரை கிரீஸ். எல்லோரும் 'கிரீஸ் அண்ணன்' என்கிறார்கள், அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறார்.

செயினின் மேல்பக்கம் நடுவில் கையை வைத்தார். மூன்று விரல் தொய்வு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விரல் நுழையவில்லை. "என்னப்பா இது, தந்தி கட்டி வாசிக்கப் போறீங்களா?" என்றார். இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு மூட்டும் எந்நேரமும் இழுபட்டுக்கொண்டே அரையுமாம். இடுக்கில் மண் அப்பினால் இன்னும் இறுகுமாம். தினமும் மண்ணைச் சுரண்டித் தள்ளினோமா என்று கேட்டார். இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"வண்டி ரொம்ப தூரம் நடக்குதா? இது நடக்கிற வண்டி இல்ல, நின்ன இடத்துல தோண்டற வண்டி. நடந்தாலும் பல்சக்கரம் பின்னாலதான் இருக்கணும். அது முன்னால வந்துட்டா மொத்தச் செயினும் இழுபட்டுக்கிட்டே சுத்தும். அதுவும் ஏத்தம்னா கேக்கவே வேணாம், அரைச்சு மாவாக்கிடும். யாராவது ரிவர்ஸ்ல ஏத்தறீங்களா?"

"இல்லண்ணே" என்றான் மாப்பிள்ளை.

"இல்லண்ணே" என்றேன் நானும். அப்போது அது பொய் என்று எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஆகஸ்ட் 27

இன்று பன்னிரண்டுக்கு வண்டியைக் கிளப்பும்போதுதான் உறைத்தது. பாறையைப் பார்த்து நிற்கிற வண்டியை நான் திருப்புவதே கிடையாது. கேபினை மட்டும் அரைவட்டம் சுழற்றிவிட்டு ஏற்றத்தைப் பார்த்து ஓட்டுவேன். கண்ணாடிக்கு முன்னால் பாதை தெரியும், நான் முன்னே பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் கீழே பல்சக்கரம்? அதுவும் எனக்கு முன்னால்.

ஏழு மாதமாக ரிவர்ஸில் ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும், முழு ஏற்றமும்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். செயினின் ஒவ்வொரு மூட்டிலும் குழாய்த் துண்டு மாதிரி ஒரு புஷ் இருக்கும். பற்கள் அதைத் தள்ளித்தான் வண்டி நகர்கிறது. முன்னால் ஓட்டினால் புஷ் ஒரு பக்கம் தேயும், ரிவர்ஸில் ஓட்டினால் மறுபக்கம். மண் அப்பிக் கிடந்தது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சுரண்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மேலே போகவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விசாரணை நடந்தது. சூப்பர்வைசர் நாற்காலியில், நாங்கள் இருவரும் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி.

"யார் இறுக்கினது?"

மாப்பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான்தான் சார். கழண்டுடுமோன்னு பயம். மச்சானுக்கு இதுல சம்பந்தம் இல்ல."

"அவ்வளவுதானா?" என்று என்னைப் பார்த்தார்.

வாயைத் திறந்தேன். திறந்தேனா? திறந்த மாதிரித்தான் ஞாபகம். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்டோபர் போயிருக்கும். நவம்பர் போயிருக்கும். இறுக்கினதும் உண்மைதானே, அவன் செய்ததைத்தானே அவன் சொன்னான், நான் ஒன்றும் அவன்மேல் பழி போடவில்லையே — இப்படி நூறு எழுதலாம். ச்சீ. கடைசியில் "அவ்வளவுதான் சார்" என்றேன்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை என் தோளைத் தட்டி, "விடுங்க மச்சான், நீங்களாவது வீட்டுக்குப் போய்ச் சேருங்க" என்றான்.

ஆகஸ்ட் 30

தட்டில் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சூப்பர்வைசர் கூப்பிட்டார். போகும்போதே சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனேன், அவ்வளவு நம்பிக்கை.

"புதுச் செயின் வருது. இனிமே அவன் கையில வண்டியைக் குடுக்க மாட்டேன். பட்டறைக்கு அனுப்பறேன். பழைய செயினைக் கழட்டித் துடைச்சு, எப்படித் தேயுதுன்னு கத்துக்கட்டும், அதுதான் தண்டனை. இந்தக் குழிக்கு நம்பிக்கையான கை ஒண்ணு வேணும். நீ இருக்கே. நாலாயிரம் மணிநேரம் இந்தச் செயினைக் காப்பாத்திக் குடு, அப்புறம் பாத்துக்கலாம்."

நாலாயிரம் மணிநேரம். ஒரு நாளைக்குப் பத்து மணிநேரம் என்று வைத்தாலும் நானூறு நாள்.

"சார், அக்டோபர்ல..." என்றேன்.

"ஒழுங்கா ஓட்டறவனை நான் எப்படிய்யா விடுவேன்?" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பட்டறை கிடைக்காது, வேலையே போய்விடும். நாலு நாள் கழித்துச் சொல்கிற உண்மைக்குப் பொய் என்றுதான் பெயர் வைப்பார்கள்.

செப்டம்பர் 6, சனி

மாப்பிள்ளை போய்விட்டான். பழைய செயினைச் சுருட்டி ஏற்றிய லாரியிலேயே, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனான். போகும்போது தலையணையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான், அவனுடையது கொஞ்சம் பெரியது.

கிரீஸ் அண்ணன் புதுச் செயினை மாட்டினார். கேபின் கண்ணாடியில் ஒரு காகிதமும் ஒட்டினார். வாரம் ஒரு தடவை தொய்வைப் பார். ஈரமண்ணில் இன்னும் தளர்த்து. தினமும் சுரண்டு. ஒரே பக்கமாகத் திருப்பாதே, நின்ற இடத்தில் சுழலாதே. கடைசி வரி பெரிய எழுத்தில்: டீசல் வண்டி குழிக்கே வரும், எந்தக் காரணத்துக்கும் மேலே ஏறாதே.

இனி ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரிக்காரர் மனசு வைத்தால்தான் போன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தண்ணீர் லாரியில் தொற்றிக்கொண்டு உச்சிக்குப் போனேன். அவளை அழைத்தால் எடுத்தது தங்கை. என் வீட்டில்தான் இருக்கிறாளாம், துணைக்கு.

"அண்ணா, நீதான் பேசி அவரை இங்க மாத்திவிட்டியாமே. உனக்கு வந்த இடத்தை அவருக்கு விட்டுக் குடுத்தியாமே. அவரே சொன்னாரு. உன்னை எப்படி மறப்பேன் நான்?"

அவன் அப்படிச் சொல்லியிருக்கிறான். தண்டனைக்கு வந்தவன் என்று பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கமோ என்னவோ. நான் "சரி சரி" என்றேன். வேறென்ன சொல்வது? பிறகு மனைவி போனை வாங்கினாள். "மூணு வாரமாப் போனே இல்ல" என்றாள். அழுகிறாளா கோபமா என்று கண்டுபிடிக்கிறதற்குள் லாரிக்காரர் கூப்பிட்டுவிட்டார்.

அக்டோபர் 13

பத்து நாள் லீவு கேட்டேன். மாற்று ஆள் வரவில்லையாம், இரண்டு ஷிஃப்டும் நானே. "நீ போயிட்டா வண்டியை யாருகிட்ட விடறது?" என்கிறார். என் லைசென்ஸ் அட்டை அவர் அலமாரியில். பூட்டு இல்லை, எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம். போய்? வேலையில்லாதவனாய்ப் பிள்ளையைத் தூக்குவதா?

தொய்வு மூன்று விரல். சரியாக இருக்கிறது.

அக்டோபர் 29

நாலு பக்கமும் பாறை. தலைக்கு மேல் ஒரு துண்டு வானம், அதிலும் பாதி தூசி. இன்று கேபினுக்குள் உட்கார்ந்து கத்தினேன். கண்ணாடி மூடியிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. டிப்பர்காரர் நான் பாடுகிறேன் என்று நினைத்துக் கையை ஆட்டினார்.

நவம்பர் 12, புதன்

பதினொன்றரை மணிக்கு டிப்பர்காரர் ஏற்றத்திலிருந்தே ஹார்னை அடித்துக்கொண்டு வந்தார். தலையை வெளியே நீட்டி, "ஆபீசுக்குப் போன் வந்துச்சுப்பா, பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!" என்று கத்தினார்.

பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு எஞ்சினை அணைத்தேன். பாதை எதிரே தெரிந்தது, பத்து நிமிடம் ஓட்டினால் உச்சி. காகிதத்தின் கடைசி வரியும் தெரிந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அடுத்த டிப்பர் வந்து நின்றது, அதற்குக் கல் போட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

உச்சிக்குப் போனேன். மாப்பிள்ளைதான் எடுத்தான். விடிகாலையில் வலி எடுத்ததும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன். ஆறு மணிநேரம் வராந்தாவில் நின்றவன் அவன். நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்து முதலில் நீட்டியதும் அவனிடம்தான். "தூக்கத் தெரியாம துண்டோட வாங்கிக்கிட்டேன் மச்சான்" என்றான். மாதாமாதம் பரிசோதனைக்கு அவளைக் கூட்டிப்போனதும் அவன்தானாம், அவள் என்னிடம் சொன்னதேயில்லை.

என் இடத்தில் அவன் நின்றிருக்கிறான் என்று ஒரு கணம் அவன்மேலேயே ஆத்திரம் வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன். பிறகு தாங்கவில்லை. "மாப்பிள்ளை, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் செயின்..." என்று ஆரம்பித்தேன்.

"அதான் செப்டம்பர்லயே கழட்டிட்டேனே" என்றான். "புஷ்ஷை ஒவ்வொண்ணா மண்ணெண்ணெய்ல கழுவினேன். எல்லாம் ரிவர்ஸ் பக்கம்தான் மச்சான் தின்னிருக்கு. நான் இறுக்கினது கொஞ்சம்தான்."

செப்டம்பரிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அவளைக் கூட்டிப்போயிருக்கிறான், தெரிந்துகொண்டுதான் வராந்தாவில் நின்றிருக்கிறான்.

"யாருகிட்ட சொன்னே?" என்றேன். கேட்டது அதைத்தான். மன்னிப்பு கேட்கவில்லை.

"கழுவி, தேயாத பக்கமாத் திருப்பி மாட்டி, வேற வண்டிக்கு அனுப்பிட்டேன்" என்றான். "இருங்க, பாப்பா முழிச்சுக்கிட்டா. மூக்கு உங்க மூக்குதான். போனைக் காதுகிட்ட வைக்கறேன், ஏதாவது பேசுங்க."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். லாரிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.