டத்தினுக்கு உடம்பு தேறிவிட்டது, அண்ணே

என் உயிரான ராசு அண்ணே,

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? லோரியை எடுத்துக்கொண்டு நீ ஜொகூர் வரை போனாலும் மறுநாள் சாயங்காலம் திரும்பிவிடுவாய். இந்தத் தடவை திரும்ப மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வாயால் சொல்வதென்றால் இதைச் சொல்லி முடிக்க எனக்குப் பாதி நாள் ஆகும். எழுதும்போது எனக்குத் திக்குவதில்லை, அது உனக்குத் தெரியுமா?

கிள்ளானில் இப்போது மழை. கூரைத் தகரத்தில் நீ தார் பூசிய இடம் ஒழுகவில்லை, அதற்குப் பக்கத்தில் ஒழுகுகிறது. உன் லோரியைப் பந்திங் ஊர்க்காரர் ஒருவர் ஓட்டுகிறார். நம் ரோட்டு வழியாகப் போகும்போது ஹார்ன் அடிப்பார். நான் எழுந்து கேட்டைத் திறக்கப் போய்விடுவேன். பாதி வழியில்தான் நினைவு வரும்.

சரி, முக்கியமான சேதிக்கு வருகிறேன். டத்தினுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது.

கோலா சிலாங்கூரில் சரக்கு இறக்கிய இடத்தில் யாரோ கொடுத்தார்கள் என்று அந்தக் கறுப்புக் கோழியை லோரியின் முன்சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுவந்தாயே, அன்றைக்கு நீ கதவைத் திறந்ததும் அவள் அவசரப்படாமல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கினாள். "பாருடா, டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுஷன் பொண்டாட்டி கார்லேருந்து எறங்குற மாதிரி எறங்குறா. வாங்க டத்தின், வாங்க" என்று நீ கும்பிட்டாய். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மற்ற மூன்று கோழிகளுக்கும் நீ பெயர் வைக்கவில்லை.

அந்த மூன்றும் இப்போது இல்லை. உன் காரியங்கள் நடந்த நாட்களில் கூண்டை மூட யாருக்கும் நினைவில்லை. மூசாங் மரநாய் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. டத்தின் மட்டும் கொய்யா மரத்தில் ஏறித் தப்பித்திருக்கிறாள். அதன் பிறகு இந்த வீட்டில் அவளும் நானும்தான்.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் அந்த ஹேண்ட் பிரேக்தான் ஞாபகம் வருகிறது. லோரியை ரோட்டோரம் ஒதுக்கி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டுத்தான் நீ ஸ்டியரிங் மேல் சாய்ந்தாய் என்று சொன்னார்கள். ரோட்டில் போன ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவு நெஞ்சு வலியில் அது எப்படி உனக்குத் தோன்றியது?

நீ போன பிறகு நான் பேசுவதே குறைந்துவிட்டது. அப்பா அம்மா போன நாளிலிருந்து எனக்கும் சேர்த்துப் பேசியது நீதானே. கிளினிக்கில் என் வயிற்று வலியைக்கூட நீதான் சொல்வாய். எனக்கு வார்த்தை தொண்டையில் நிற்கும்போது நீ என் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு காத்திருப்பாய். அப்படிக் காத்திருக்க வேறு யாருக்கும் தெரியவில்லை, அண்ணே. எல்லோரும் பாதியில் அவர்களே முடித்துவிடுகிறார்கள். அதனால் நான் ஆரம்பிப்பதையே விட்டுவிட்டேன்.

ஆனால் டத்தினிடம் பேசுவேன். வேலை முடிந்து வந்து கூண்டைத் திறந்துவிட்டு, கையுறை பாக்டரியில் அன்று நடந்ததையெல்லாம் சொல்வேன். அவளும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். அவளிடம் எனக்குத் திக்காது.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு காலையில் கூண்டைத் திறந்தேன். அவள் வெளியே வரவில்லை. மூலையில் இறக்கையை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றாள். அடிக்கடி கழுத்தை நீட்டி, எதையோ விழுங்க முடியாதவள்போல வாயைத் திறந்து திறந்து மூடினாள். அரிசி போட்டேன். தொடவில்லை. தூக்கிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே பந்து மாதிரி வீங்கியிருந்தது.

எனக்குக் கோழி வைத்தியம் என்ன தெரியும்? பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஆ சோ நினைவுக்கு வந்தார். நீ இருந்தால் வேலிக்கு மேலே ஒரு குரல் கொடுத்திருப்பாய். நான் போய்க் கதவைத் தட்டினேன்.

"என்னா சேகர்?"

"கோ... கோ..."

"கோப்பி வேணுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். "கோ..."

"கோயிலுக்கு காசா?"

நான் ஓடிப்போய் டத்தினையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். ஆ சோ ஒன்றும் சிரிக்கவில்லை. வாங்கி மடியில் வைத்து, அந்த வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். அலகைப் பிரித்து முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"புளிச்ச வாசம். இது தீனிப்பை. கல்லு மாதிரி அடைச்சிருக்கு லா. சாப்பாடு கீழ போகலே."

அவர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவ்வளவு தமிழ் பேசுவார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும், பேசியதெல்லாம் நீதான்.

கூண்டை வந்து பார்த்தார். அவள் படுக்க நீ போட்ட சாக்கு நார்நாராகக் கிடந்தது. "பாத்தியா? சாக்கு நூல இழுத்து இழுத்து தின்னிருக்கு."

"ஏ... ஏன்?"

"ஒத்தையா இருக்குல்ல. கோழி ஒத்தையா இருந்தா இப்படித்தான். வேற வேல இல்லே, எதையாச்சும் கொத்திக்கிட்டே இருக்கும்."

நான் அந்தச் சாக்கை எடுத்துச் சுருட்டி மேலே வைத்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று அவரே காட்டினார். தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடாக்கி, பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரில் எடுத்து, அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிறகு அந்த வீக்கத்தை விரல் நுனியால் மெதுவாகப் பிசைந்துகொடுக்க வேண்டும். தீனி கூடாது, தண்ணீர் மட்டும். ஓர் அட்டைப்பெட்டியில் பழைய துணியைப் போட்டு அவளை வீட்டுக்குள்ளேயே வைத்தேன். உன் அறையில்தான் வைத்தேன். அங்கேதான் மழை ஒழுகவில்லை.

வேலைக்கு லீவு சொல்ல மளிகைக்கடைக்குப் போய் போன் செய்தேன். எனக்குப் போன் என்றாலே வியர்த்துவிடும் என்பது உனக்குத் தெரியும். வீட்டில் உடம்பு சரியில்லை என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். சூப்பர்வைசர் கேட்டார்: "யாருக்கு? உன் வீட்லதான் நீ ஒருத்தன்தானே இருக்கே?"

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் ஆ சோ வந்து அவளை மெல்லக் கவிழ்த்துப் பிடித்தார். "நீ தடவு. கீழ்ப்பக்கமா தடவு. பயப்படாதே, மூச்சு விட நான் தூக்குவேன்." தடவினேன். பழுப்புத் தண்ணீர் கொட்டியது. நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தடவினேன். அவர் தூக்கினார், அவள் மூச்சு வாங்கினாள், மறுபடி கவிழ்த்தார். இரண்டாம் தடவை தண்ணீரோடு ஈரச் சணல் உருண்டை ஒன்று வந்து விழுந்தது. என் கட்டைவிரல் பருமன் இருக்கும். இவ்வளவையும் அந்தச் சின்னக் கழுத்து எப்படித் தாங்கியது?

"போச்சு லா! வெளிய வந்திருச்சு!" என்று ஆ சோ என் தோளில் ஓர் அடி போட்டார். ஈரக் கை. நீ போன பிறகு என்னை ஒருவர் தொட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

வீக்கம் வடிந்தது. ஆனால் அவள் தின்னவில்லை, அண்ணே. கஞ்சி வைத்தேன். சோற்றைக் குழைத்து உள்ளங்கையில் வைத்தேன். மண்புழு தோண்டிக் கொண்டுவந்தேன். எதையும் பார்க்கவில்லை. கஞ்சித் தண்ணீரை பில்லரில் விட்டால் விழுங்குவாள், அவ்வளவுதான். நாளுக்கு நாள் நெஞ்செலும்பு கத்தி மாதிரி கூர்மையாகிக்கொண்டே வந்தது. பாக்டரியிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளில் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போவேன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன டத்தின், என்ன வேணும், சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். உன் கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். ஆ சோ சொன்னார், "மருந்து முடிஞ்சிருச்சு சேகர். இனிமே அதுக்கு மனசு வரணும்."

தீபாவளிக்கு முந்தின நாள் உனக்குப் படையல் வைக்க லெட்சுமி அக்காவும் அவள் வீட்டுக்காரரும் ரவாங்கிலிருந்து வந்தார்கள். இந்த வருடம் நமக்குப் பண்டிகை இல்லை, படையல் மட்டும்தான். அக்கா வந்ததும் வீட்டைப் பெருக்கி, உன் படத்தைத் துடைத்து, பூப்போட்டாள். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நடந்ததை ஒருவாறு சொன்னேன்.

"வயித்துல இருந்த கழிவெல்லாம் வந்திருச்சுன்ற. தின்னலைன்னா எத்தனை நாளு தாங்கும்? வீணா சாகறதுக்கு அண்ணனுக்காச்சும் ஆகட்டும். அண்ணனுக்கு நாட்டுக்கோழிக் கொழம்புன்னா உசுரு."

சொல்லிவிட்டு அடுக்களையில் கத்தியை எடுத்தாள். அவள் சொன்னது நியாயம்தான். உனக்காகத்தான் சொன்னாள். ஆனால் நான் எழுந்து பெட்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"கொ... கொ... கொ..."

அக்கா வீட்டுக்காரர் சிரித்தார். "என்ன மச்சான், நீயும் கோழி மாதிரி கொக்கொக்குன்ற?"

அக்கா சிரிக்கவில்லை. அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள், அண்ணே. நீ நிற்பாயே, அதே மாதிரி. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

"கொல்ல வேணாங்கா. அண்ணன் போ... போனதே போதும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நீ ஒரு வார்த்த முழுசா பேசி நான் கேட்டு எத்தன மாசமாச்சுடா. கருமாதியிலகூட நீ வாயத் தொறக்கலியே" என்றாள். அதற்கு மேல் கோழிக் குழம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்கா வீட்டுக்காரர் பாசாருக்குப் போய்த் திருக்கை மீன் வாங்கி வந்தார். அக்கா குழம்பு வைத்தாள். நீ குடிக்கிற கறுப்பு பீர், சிகரெட், புதுச் சாரோங், எல்லாம் இலைக்கு முன்னால் வைத்தோம்.

உன் அறையில்தான் படைத்தோம். சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு, நீ வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தோம். பெட்டி உள்ளே மூலையில் இருந்ததை மூன்று பேருமே மறந்துவிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் கேட்டது. டொக். டொக் டொக். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். சத்தம் நிற்கவில்லை.

நான்தான் கதவைத் திறந்தேன். டத்தின் இலையின் நடுவில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். மீனை விட்டுவிட்டுச் சோற்றை மட்டும் கொத்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்து கொத்தினாள்.

அக்கா ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "தின்னட்டும், விடு. யாரும் தொரத்தாதீங்க" என்றாள்.

நீ வந்திருந்தாயா, அண்ணே? வந்து, அவளுக்காகத் தள்ளி உட்கார்ந்துகொண்டாயா? ஆ சோவிடம் கேட்டால் பசி வந்துவிட்டது, அவ்வளவுதான் என்கிறார். இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து டத்தின் தின்கிறாள். முற்றத்தில் ஈரமண்ணைக் கிளறுகிறாள். குரலும் திரும்பிவிட்டது. ஆ சோ தம் தங்கை வீட்டிலிருந்து இரண்டு இளங்கோழி கொண்டுவந்து விட்டார். டத்தின் அவற்றைக் கொத்தி விரட்டுகிறாள், ஆனால் சாயங்காலம் மூன்றும் ஒரே கம்பியில்தான் ஏறி உட்காருகின்றன.

அக்கா போகும்போது, "எங்ககூட வந்துடேன்டா, ரூம் இருக்கு" என்றாள். அவளோடது அடுக்குமாடி, கோழிக்கு இடமில்லை. அதைச் சொன்னேன். அது மட்டும்தான் காரணமா என்று அவள் கேட்கவில்லை. பஸ் திரும்பும் வரை கையாட்டினேன். வீட்டுக்கு வந்து அவள் கழுவி வைத்துவிட்டுப் போன மூன்று தட்டுகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணே. டத்தினுக்கு வயதாகி, முட்டை நின்று, நடை தளர்ந்து, அவளாகவே ஒரு நாள் கண்ணை மூடும் வரை நான் பார்த்துக்கொள்வேன். அவள் மேல் கத்தி படாது. என்னைப் பற்றியும் கவலைப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுதக் கை வரவில்லை. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், கூண்டை மூடுகிறேன். இப்போதைக்கு இவ்வளவுதான் என்னால் முடிகிறது.

நீ வந்தால் தட்ட வேண்டாம் என்று கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாமல் படுக்கும்,
உன் தம்பி சேகர்