கிணற்றடிக்கு ஒரு கண்

ஆகஸ்ட் 14, ஞாயிறு

கச்சான் காற்று. காலையிலேயே மணல் சுடுகிறது. கொடியில் போட்ட துணி அரை மணித்தியாலத்தில் அப்பளம். பள்ளிக்கூட விடுமுறைதான், ஆனாலும் ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத் தாள் ஒரு கட்டு, திருத்தாமல் மேசையில்.

குட்டி இன்று படியிறங்கப் பழகிவிட்டாள். பின்பக்கமாக, நண்டு மாதிரி. இறங்கியதும் நேரே கிணற்றடி. தூக்கி வந்தால் மறுபடி நண்டு. ஏழு பல்லையும் காட்டிச் சிரிப்பு வேறு. கடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

நேற்றிரவும் பின்வளவில் காலடிச் சத்தம். இது கனவில்லை. நானும் குட்டியும் அறைக்குள். அவள் அப்பா சுதன் முன் ஹோலில் பாய் போட்டு. குட்டி பிறந்ததிலிருந்து அங்கேதான், அவருடைய குறட்டைக்கு அவள் எழும்பிவிடுவாள். கூப்பிட்டேன். பதில் வரச் சுணங்கியது.

"நான் பாத்திட்டன். ஒருத்தரும் இல்ல. படு."

"என்னெண்டு இவ்வளவு கெதியாப் பாத்தீங்க?"

"படு புள்ள."

விடியப் பார்த்தால் கிணற்றுக் கட்டு ஈரம். வாளி கவிழ்ந்து கிடக்கிறது. நான் நிமிர்த்தித்தான் வைப்பேன், எப்போதும். சுதனிடம் சொன்னேன். "காத்துக்கு விழுந்திரிக்கும்" என்றார். காற்று தண்ணீரும் அள்ளுமா?


ஆகஸ்ட் 15, திங்கள்

வெயில் அதே. அரிசி முடிந்தது. குட்டிக்குச் சளி மருந்து வாங்க வேண்டும்.

பக்கத்து வளவு புவனேஸ் அக்கா வேலியால் எட்டிப் பார்த்து ஒரு பாட்டம் கதை. ஊரெல்லாம் இப்போது இந்தக் கதைதான். கிறீஸ் பூதம். ஆள் உடம்பு முழுக்கக் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பொம்பிளைகள் இருக்கிற வீடாய்ப் பார்த்து வருகிறானாம். பிடித்தால் வழுக்கிக்கொண்டு போய்விடுவானாம். 

"நீங்க கண்டீங்களா அக்கா?"

"நான் ஏங்கா காணணும்? கண்ட ஆளைக் கண்ட ஆள் சொன்னா."

விஞ்ஞான ரீச்சர், கம்பஸ் படித்தவள், சிரித்துவிட்டு வந்தேன். வந்து தண்ணீர் அள்ளப் போனால், கப்பி தொங்குகிற தூணில் கறுப்பாய் ஏதோ. தொட்டேன். வழுக்கியது. மணந்தேன்.

கிறீஸ்.

நாலு விரல் பதிந்திருக்கிறது. தெளிவாக. குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பின்கதவைப் பூட்டி, மேசையையும் இழுத்து முட்டுக் கொடுத்தேன்.

சுதன் ஐஸ் கொம்பனி வேலை முடிந்து வந்ததும் கூட்டிப்போய்க் காட்டினேன். பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு பழந்துணி எடுத்து ஒரே துடை.

"என்ன செய்யிறீங்க! விரலடையாளம்!"

"ஊத்தையத் துடைக்கக் கூடாதா?"

"பொலிசுக்குக் காட்ட வேணாமா?"

"தூணையா கொண்டுபோய்க் காட்டப்போறாய்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லிவிட்டேன். ஒன்றில் பின்வளவுக்கு இரவில் பார்க்கிற கமரா ஒன்று வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நானும் குட்டியும் சித்தாண்டிக்கு. அம்மா, அப்பா, தங்கச்சி எல்லாரும் அங்கேதானே. இந்த வீட்டை எனக்குச் சீதனமாக எழுதிவிட்டு, அடுத்தவளுக்கு வீடு கட்டப் போனவர்கள்.

சிரித்துக்கொண்டிருந்த மனிதன், சித்தாண்டி என்றதும் முகம் மாறிவிட்டார்.

"உன்ர வீடு. உன்ர விருப்பம்."

அப்படிச் சொன்னால் எனக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து இருப்பவர், அது எங்கள் பக்கத்து முறை. அதற்காக விருந்தாளி மாதிரியா பேசுவது?


ஆகஸ்ட் 16, செவ்வாய்

காத்தான்குடி போனோம், மூன்று பேரும், மோட்டார் சைக்கிளில். நோன்பு காலம், பின்னேரம் கடை வெள்ளன பூட்டிவிடுவார்கள் என்று காலையிலேயே.

கடைக்கார நானா நல்ல மனிதன். நோன்பு வாயோடு அவ்வளவு பேச்சு.

"மிஸ், நான் செல்றதக் கேளுங்க. நாலு கமரா செட் இரிக்கி. வளவச் சுத்திப் போடலாம்."

"ஒண்டு காணும்."

"ஒரு கண்ணால பாத்தாக் காணுமா மிஸ்?"

"புள்ளயப் பாக்க எனக்கு ரெண்டு கண் இரிக்கு நானா. கிணத்தடியப் பாக்கத்தான் ஒண்டு கேக்கிறன்."

பார்த்தவை: செட், பெட்டி மாதிரி ஒரு பதிவுக் கருவியோடு. எங்கள் கைக்கு எட்டாது. தொட்டில் பிள்ளையைப் பார்க்கிற வயரில்லாத சின்னது. வடிவு, ஆனால் சுவர் தாண்டினால் படம் வராது, மழை பட்டால் அவ்வளவுதான். மூன்றாவது, சும்மா கூடு, உள்ளே ஒன்றுமில்லை, சிவப்பு லைட் மட்டும் மின்னும், கள்ளனுக்குப் பூச்சாண்டி. சுதன் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். "இதுவே போதும், மலிவு."

"எனக்கு வாறவனைப் பயங்காட்ட வேணாம். ஆர் எண்டு பாக்கணும்."

பிறகு அவர் அடுக்கிய தடைகள்! கரண்ட் போனால்? பல்லி குந்தினால்? உப்புக் காற்றுக்குக் கறள் பிடித்தால்? ஆமியும் பொலிசும் வந்து எதற்கு இது என்று கேட்டால்? கடைசிக் கேள்விக்கு நானாவும் கொஞ்சம் யோசித்தார். "உங்கட வளவுக்குள்ளதானே மிஸ். ரோட்டப் பாக்காமப் போடுங்க." அந்தக் காலத்தில் இரவில் முற்றத்தில் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சையும் பிடித்துக்கொண்டு கிடப்போம். யார் போகிறார் என்று பார்க்கவே கூடாது. யுத்தம் முடிந்து இரண்டு வருடம், இப்போது பார்ப்பதற்குக் காசு கொடுத்துக் கண் வாங்குகிறோம்.

எடுத்தது: ஒற்றைக் கமரா, வட்டமாகச் சின்னச் சின்ன பல்புகள் சுற்றி. மெமரி அட்டையில் பதியும், வயரைக் கொழுவி ரீவியிலேயே பார்க்கலாம். தூரம் இருபது மீற்றர் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, பாதியைத்தான் நம்புங்கள் என்றார் நானா. பாதியே எங்கள் வளவுக்குத் தாராளம். வாங்க முன் இருட்டில் காட்டச் சொன்னேன். சாமான் அறைக்குள் லைட்டை அணைத்துக் காட்டினார். எங்கள் கண்ணுக்குக் கும்மிருட்டு, திரையில் எல்லாம் சாம்பல் நிறத்தில். கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறதுதான், ஆனாலும் கண்டபோது மெய் சிலிர்த்தது. குட்டியின் கண் இரண்டும் பூனைக்கண்ணாய் மின்னியது. "பூ... பூ..." என்று தன்னையே கூப்பிட்டாள்.


ஆகஸ்ட் 18, வியாழன்

கமரா பூட்டியாயிற்று. சுதன் ஏணியில், நான் கீழே ஏணியைப் பிடித்து, குட்டி என் காலைப் பிடித்து.

குசினிச் சுவரில், பின்வேலியைப் பார்த்தபடி. கிணறும் படத்தில் விழட்டும் என்றேன். "கிணறு என்னத்துக்கு? கள்ளன் வேலியாலதான் வருவான்." அதுவும் சரிதான்.

அவருடைய கைவிரலில் ஆணி இறங்கிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். "நல்ல மருத்துவிச்சி" என்றார். கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தேன்.


ஆகஸ்ட் 19, வெள்ளி

முதல் இரவுப் படம். எழும்பினவுடன் தேத்தண்ணியும் குடிக்காமல் ரீவிக்கு முன்னால்.

வந்தவர்கள்: பூச்சிகள், பனி பெய்கிற மாதிரி. ஒரு பல்லியின் வயிறு, வெகு நேரம், அதன் மூச்சுக்கூடத் தெரிகிறது. மற்றது எல்லாம் வெள்ளைப் புகை. சுதனுக்குக் கொண்டாட்டம். "பல்லியப் பிடிச்சுக் குடு பொலிசுக்கு."

ஆனால் இரவு மறுபடி காலடி கேட்டது. சத்தியமாகக் கேட்டது. கட்டு இன்றும் ஈரம். கிணற்றுக் கயிற்றில் நீலத் துணித் துண்டு ஒன்று முடிச்சுப் போட்டிருக்கிறது, போட்டது நானில்லை. சுதனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் அவிழ்த்து எறிவார்.

உடுப்புப் பையை எடுத்து வைத்தேன். குட்டியின் சட்டைகள் மடித்தேன். அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள்.


ஆகஸ்ட் 20, சனி

நானாவுக்குப் போன் எடுத்தேன். வெள்ளைச் சுவர் பக்கத்தில் இருந்தால் கமராவின் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து படத்தை அழிக்குமாம். "கொஞ்சம் அங்கால திருப்புங்க மிஸ்." எனக்கு ஏன் தோன்றவில்லை? தெறிப்பு, எட்டாம் வகுப்புப் பாடம்.

சுதன் வேலையில். ஸ்டூலில் ஏறி நானே திருப்பினேன். இப்போது கிணறு நட்ட நடுவில். நல்லது, பகலில் குட்டியைப் பார்க்கவும் உதவும்.


ஆகஸ்ட் 21, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

கிணற்றடிக்கு வந்தவர் சுதன்.

சாரம், மேலுக்கு ஒன்றுமில்லை, கையில் ரோச். பூனை மாதிரி நடக்கிறார். வாளியை இறக்குகிறார். தண்ணீரில் தொட்டதும் கயிற்றை இறுக்கிப் பிடித்து, அந்த நீலத் துணி எங்கே நிற்கிறது என்று ரோச் அடித்துப் பார்க்கிறார். அள்ளுகிறார். ஒரு கை எடுத்து வாயில் வைக்கிறார். யோசிக்கிறார். துப்புகிறார். பிறகு கிணற்றுக் கட்டில் குந்தி, கடல் பக்கம் முகத்தைத் திருப்பி, காது கொடுக்கிற மாதிரி, சும்மா இருக்கிறார். வெகு நேரம்.

எனக்கு உடனே விளங்கியது. விளங்காத மாதிரி இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன்.

அவர் வாகரைக் கடற்கரை ஆள். அம்மாவையும் தங்கச்சியையும் சுனாமியில் கொடுத்தவர். கலியாணம் பேசி வந்தபோது அதை ஒரு வசனத்தில் சொன்னார், பிறகு சொன்னதில்லை. கடல் இந்த வீட்டுக்குள்ளும் யன்னல் மட்டத்துக்கு வந்தது. அன்று நாங்கள் கடல் எட்டாத சித்தாண்டியில் நின்றதால் மிஞ்சினோம். இரண்டு தரம் பெயின்ற் அடித்தும் ஹோல் சுவரில் அந்த நீர்க்கோடு தெரிகிறது. அவருடைய பாய் அதற்கு நேரே கீழே. மூன்று பேருக்குச் சோறு போட்டுக்கொண்டு, நான் ஒரு நாளும் அதை யோசிக்கவில்லை.

பையிலிருந்த சட்டைகளை அலுமாரியில் திரும்ப வைத்தேன்.


ஆகஸ்ட் 22, திங்கள்

காலைத் தேத்தண்ணியோடு ரீவியைப் போட்டேன். சுதன் தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி திரையைத் தொட்டு "அப்பா, அப்பா" என்றாள்.

கடைசியில் சொன்னார்.

"அண்டைக்கு விடிய அம்மா தண்ணி அள்ளப் போனவ. 'உப்புக் கரிக்குது மனே, தண்ணியும் கூடியிரிக்கு' எண்டு வந்து சொன்னா. நாங்க தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்தம். 'ரா மழையாக்கும்' எண்டார் அப்பா. அவ்வளவுதான்."

"எனக்குச் சொல்லியிரிக்கலாமே."

"என்னெண்டு சொல்ற? உங்கட அம்மா அப்பா தந்த வீடு. வந்திரிக்கிற மாப்பிள்ள, கடலுக்குக் கிட்ட இரிக்க ஏலாது எண்டா நல்லாவா இரிக்கும்?"

"அப்ப அந்தக் கிறீஸ்?"

தலையைக் குனிந்துகொண்டார்.

"கப்பி கத்துது. நீ எழும்புறாய், புள்ளயும் எழும்புது. அதுதான் கொம்பனில கொஞ்சம் கேட்டு எடுத்து..."

"நீங்கதானா கிறீஸ் பூதம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை, பிறகு அழுகையாகிவிட்டது. அவரும். குட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தானும் கத்தினாள்.

சித்தாண்டிக்கு மூன்று பேருமாகப் போவோமா என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன், வீடு யாருடையது என்பது கிடக்கட்டும் என்றும் சொன்னேன். குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "வேணாம். குட்டி நடக்கப் பழகின மணல். பாத்துக்கொண்டிருந்தாக் காணும்."

"அப்ப ஒரு நாள் நீங்க, ஒரு நாள் நான்."

"உனக்கு இருட்டுப் பயம்."

"கமரா இரிக்குத்தானே."

புவனேஸ் அக்கா வேலியால் கேட்டா: "கிறீஸ் பூதம் ஆம்பிட்டானா?" ஆம்பிட்டான் அக்கா, உள்ளே என் விஞ்ஞானத் தாள் அடுக்குகிறான் என்று சொல்ல வாய் உன்னியது. இல்லை, பல்லிதான் என்றேன்.

இன்றிரவு என் முறை. ரோச்சும் குட்டியின் பால் போத்தல் கழுவுகிற சாட்டுமாகப் போனேன். வாளி இறக்கினேன், தண்ணீரில் தொட்டபோது நீலத் துணி கட்டு விளிம்புக்குச் சரி, மட்டம் கூடவில்லை. தண்ணீர் நல்ல ருசி. பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்துவந்த சோக்கால் கிணற்றுக் கட்டில் பெரிதாக எழுதினேன்: பார்த்தாச்சு. படுங்க.

ஹோலில் குறட்டை. இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குகிறார்.


ஆகஸ்ட் 23, செவ்வாய்

மேகமூட்டம். மழை வராது.

படம் பார்த்தேன். வந்திருக்கிறார். ரோச் அடித்து, குனிந்து, கிணற்றுக் கட்டில் எழுதியிருந்ததைப் படித்தார். நிமிர்ந்து கமராவைப் பார்த்தார், பூனைக்கண் இரண்டும் மின்ன. சாரத்தை மடித்துக் கட்டினார். போய்ப் படுக்கப்போகிறார் என்று நினைத்தேன். வாளியை இறக்கி, ஒரு கை அள்ளி, வாயில் வைத்தார். துப்பினார். பிறகு கமராவைப் பார்த்து, எனக்குத்தான், தலையாட்டினார். நல்ல தண்ணி.