நான் ஒட்டிய துண்டுகள்

15.6.1979, வெள்ளி

பாடசாலைக் கண்காட்சியில் தோட்டத்துக் கிளாக்கர் மகள் சாந்தினியின், ரேடியோவால் இயக்கும் பொம்மை விமானத்தைப் பார்க்க ஒரே கூட்டம். ஆங்கிலப் புத்தகத்தை மூன்று நாள் படித்து, இறக்கை மடல்களை அசைக்கும் சின்ன சேர்வோ மோட்டார்களின் வயர்களை இணைத்தவள் நான். எந்த வயர் ரேடியோப் பெட்டியின் எந்தத் துளைக்கு என்று துண்டுக் காகிதங்களில் எழுதி ஒட்டியதும் நான்.

“எல்லாம் நான்தான் பூட்டுனேன் டீச்சர். இவ சும்மா டோச் லைட் புடிச்சா,” என்றாள் சாந்தினி.

“அப்ப நாளைக்கு கிரவுண்டுல எல்லாரும் பார்க்க நீயே பூட்டிப் பறக்க விடு,” என்றார் டீச்சர்.

தெமோதரை பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோவதற்காக வயர்களை உருவி இறக்கையைக் கழற்றினோம். வயர் ஒன்றையும் நான் அறுக்கவில்லை. என் கையெழுத்து இருந்த துண்டுகளை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டேன். துளை மாறினால் விமானம் தேயிலைக்குள்தான் விழும். புத்தகத்தில் வயர் படம் உள்ள பக்கத்தை அவள் திறந்ததே இல்லை.

நான்கு துண்டுகளையும் இந்த டயரிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பசை இன்னும் காயவில்லை. நாளை அவளுக்கு டோச் பிடிக்க முன்வரிசையிலேயே நிற்பேன்.