குளம் எந்தப் பக்கம்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் இருவரும் கத்திவிடுகிறோம். காகிதத்தில் கத்த முடியாது, அதனால் கடிதம்.

வீட்டுச் சுவரில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நம் தெருவின் ஒரு வரிசை, குளத்தைத் தூர்த்துக் கட்டியதாம். அந்த வரிசையை இடித்துவிட்டு மறுபடி தோண்டப்போகிறார்களாம். அது நம் வரிசையா, எதிர்வரிசையா என்பதுதான் அவர்களுக்கே தெரியவில்லை. பத்திரங்களில் குளம் என்ற பேச்சே இல்லை. ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடத்தைப் பிரித்தால், சரியாக நம் தெரு இருக்கும் மடிப்பு கிழிந்திருக்கிறது. வகுப்பறை வரைபடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தொட்டுத் தொட்டு நம் ஊர் மட்டும் ஓட்டையாகிவிடுமே, அப்படி.

அடுத்த மாதம் விசாரணை. இந்த வீடு போனால் எனக்குப் போக்கிடம் இல்லையடா. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கா பஞ்சம், தினமும் காப்பகத்திலேயே கிடக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

கிடைத்துவிட்டது! அப்பா இந்த வீட்டைக் கட்டுவதற்கு வெகுகாலம் முன்பு எடுத்த புகைப்படம். ரயில் பாலத்தில் நின்று தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். நடுவில் நம் தெரு. வலப்பக்கம், நம் பக்கம், கட்டாந்தரை. இடப்பக்கம் முழுக்கத் தண்ணீர். தெருவில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள்.

அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்தாமலே, "டீச்சரம்மா தேடி எடுத்ததுன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீசிலேயே அழுதுவிட்டேன். பக்கத்து மேசைக்காரன் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். வாசல் சாவி இன்னும் என் கொத்தில்தான் இருக்கிறது. ஓய்வு பெற்றதும் நான் வந்து படுக்கப்போவது அந்த வீட்டில்தான். தையல்காரியை நினைத்துக் கவலைப்படாதே. குளத்தை நீயா அங்கே வைத்தாய்?

தம்பி

ஏப்ரல் 10

தம்பி,

விசாரணை முடிந்து, எதிர்வரிசைச் சுவர்களில் சிவப்புப் பெயின்டால் குறி போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு புகைப்படத்தின் நகலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காலை வரிசையில் பேட்ஜ் குத்தியிருக்கிறதா என்று பார்த்தே பழகிய கண் எனக்கு. அந்தப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சட்டைப்பை வலது மார்பில் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கென்றால் தைத்தவர் தவறு. எல்லோருக்குமா?

காப்பகத்துக்கு ஓடினேன். காப்பாளர் அந்தப் படத்தின் நெகட்டிவான கண்ணாடித் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "திருப்பி வெச்சு அச்சு போட்டுட்டாங்க டீச்சர். இடம் வலமாயிடுச்சு." கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கினால் பிம்பம் மறுகையைத் தூக்குவதுபோல. தண்ணீர் இருந்தது நம் பக்கம். நாம் படுத்து எழுந்தது குளத்துக்குள்தான்.

என்னடா செய்வேன்?

அக்கா

ஏப்ரல் 19

அக்கா,

ஒன்றும் செய்யாதே. யாரும் சட்டைப்பையைப் பார்க்கப் போவதில்லை. தகடு பெட்டிக்குள் கிடக்கட்டும், காப்பாளரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள். நீ பொய் சொல்லவில்லை, கிடைத்ததைக் கொடுத்தாய், அவ்வளவுதான். அப்பா ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்து வாங்கிக் கட்டிய வீடு அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன். எனக்கு வேறு ஊர் கிடையாது.

தம்பி

ஏப்ரல் 28

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்துப் பார்த்தேன். நீ சொன்னபடி இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டும் இருந்தேன். மூன்றாம் நாள் காலை தையல்காரி பித்தான் டப்பாக்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "உக்காருங்க டீச்சரம்மா, நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்று மிச்சமிருந்த ஒரே நாற்காலியை நகர்த்திப் போட்டாள். என்னால் உட்கார முடியவில்லை. அங்கிருந்தே அதிகாரியிடம் போய்த் தகட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

நம் வரிசை போகிறது. அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். நம் வரிசைக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. அது நியாயம்தான். நீயாவது பேசு. திட்டியாவது எழுது.

அக்கா

ஜூன் 15

அன்புத் தம்பிக்கு,

உன் உறை வந்தது. உள்ளே வாசல் சாவி மட்டும். மடித்த காகிதம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று உறையை நான்கு பக்கமும் கிழித்துப் பார்த்தேன்.

அந்தச் சாவிக்குரிய கதவு போன வாரமே வண்டியில் ஏறிவிட்டது. அப்பா தட்டிப் பார்த்த செங்கல் லேசில் உடையவில்லை. இயந்திரக்காரன் சலித்துக்கொண்டான். எனக்கு அதில் ஒரு பெருமை.

தையல்காரி தன் மாடி அறையைக் கொடுத்திருக்கிறாள். "உங்க வீட்டைப் பார்த்த ஜன்னல் டீச்சரம்மா, வேணும்னா பலகை வெச்சு மூடிடலாம்" என்றாள். வேண்டாம் என்றேன். தோண்டிய பள்ளத்தில், உன் அறை இருந்த மூலையில், ஊற்றுத் தண்ணீர் கசிகிறது. அதைத்தான் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு வேலை எனக்கு ஏது?

தெரு அதேதான். கதவு எண்ணை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இந்த அறைப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று உன்னுடையது. தபாலில் அனுப்பமாட்டேன். வந்து வாங்கிக்கொள்.

அக்கா