மாதா துணி போட்ட கார்

ஜூன் 3, செவ்வாய்

காரின் ரூஃப் துணி இன்று முழுசாகத் தொங்கிவிட்டது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடிந்து நெல்சனைப் பின்சீட்டில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினேன். துணி நேராக அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது. ஊசி குத்திய கையைத் தூக்கக் கூடாது. முத்தியால்பேட்டை வரைக்கும் இன்னொரு கையால் கூரையைத் தாங்கிக்கொண்டே வந்தார்.

"கஷ்டமா இருக்குதாங்க?"

"இல்ல, கொசுவலைக்குள்ள படுத்த மாதிரி சொகமா இருக்கு."

இருபத்தாறு வருடமாக என் கணவர் இப்படித்தான் பதில் சொல்கிறார். என் நாக்கு கெட்டுப்போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஜூன் 6, வெள்ளி

மகள் லினெட் பெங்களூரிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரன் பத்து நிமிடத்தில் பழைய துணியைப் பிரித்துப் புதுசு ஒட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறான். நானும் ஒட்டினேன். மரச்சாமானுக்குப் போடும் வெள்ளைப் பசைதான் வீட்டில் இருந்தது. துணிக்குப் பின்னால் இருந்த ஸ்பான்ச் மாவாகி என் தலையில் கொட்டியது. பசை பிடித்தது, இல்லையென்று சொல்லவில்லை. என் முடியைப் பிடித்தது. கடைசியில் முப்பது குண்டூசி குத்தி நிறுத்தினேன்.

ஜூன் 7

குண்டூசி எல்லாம் விழுந்துவிட்டது. ஒன்று டிரைவர் சீட்டில் இருந்தது. உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன்.

ஜூன் 11, புதன்

கார் எங்களுடையது இல்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். நெல்சனின் அண்ணன் லூயிஸ் 2010இல் வாங்கியது. பிரான்சுக்குத் திரும்பும்போது "வச்சி ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தார். ஓட்டினோம். ஆர்சி இன்னும் அவர் பெயரில். ஆகஸ்ட் 31உடன் பதினைந்து வருடம் முடிகிறது. அதற்குள் அவர் கையெழுத்துப் போட்டால்தான் புதுப்பிக்க முடியும்.

அடுத்த மாதம் வருகிறாராம். இன்று போனில் சொன்னார்: "அந்த டப்பாவ இன்னும் எதுக்கு வச்சிருக்கீங்க? வந்ததும் தள்ளி விட்டுடலாம்."

டப்பாதான். பின்பக்க இடது கண்ணாடி மடித்து வைத்த அட்டையில் நிற்கிறது. முன்கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கும். ஹாரன் இடது பக்கம் திரும்பும்போது மட்டும் அடிக்கும். ஆனால் அதில் படுக்கலாம். ஆட்டோவில் படுக்க முடியாது. உட்கார வைத்தால் இவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும்.

"உங்க அண்ணன்கிட்ட நான் பேசறேன்" என்றேன்.

"கேக்காத. அவனாத் தந்தா தரட்டும்."

ரோஷம். கிட்னி போனாலும் அது மட்டும் போகவில்லை.

ஜூன் 14, சனி

சீட் கவர் தைக்கும் வேம்புவின் பட்டறையில் காரை விட்டேன். சாம்பல் நிறத் துணி, மூன்றே நாள் என்றான். கண்ணாடி, கதவு, ஹாரன் எல்லாம் பக்கத்துப் பட்டறையில் முடித்துத் தருகிறானாம். ஹாரன் மட்டும் "பாக்கலாங்கா." அப்படியென்றால் பார்க்கமாட்டான்.

ஜூன் 20, வெள்ளி

மூன்று நாள் ஆறு நாளாகிவிட்டது. இன்றும் ஆட்டோவில்தான் திரும்பினோம். கதிர்காமம் தாண்டுவதற்குள் என் தோளிலேயே மயங்கிவிட்டார். ஆட்டோக்காரர் நிறுத்தித் தண்ணீர் தெளித்தார். — இதற்கு மேல் எழுத வேண்டாம். பயமா இருக்கு. வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், இங்கயாவது எழுதிக்கிறேன். எனக்கு ரொம்ப பயமா இருக்கு.

ஜூன் 23, திங்கள்

கார் வந்துவிட்டது. கதவு திறக்கிறது, கண்ணாடி ஏறுகிறது. ரூஃப் சாம்பல் நிறம் இல்லை. நீல சாட்டின், அதில் தங்க நட்சத்திரங்கள்.

"சாம்பல் கலர் வரவேயில்லங்கா. போன வருஷம் ஆகஸ்ட் பதினஞ்சுக்கு மாதா தேருக்குக் கட்டுனதுல மிச்சம் இருந்திச்சி. நீங்களும் கோயில்காரங்கதான, சந்தோஷப்படுவீங்கன்னு போட்டேன்."

மாதாவின் துணியை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? அது தெரிந்துதான் போட்டிருக்கிறான் கேடி.

ஜூன் 24, செவ்வாய்

திரும்பும்போது நெல்சன் அசந்து தூங்கிவிட்டார். பாதி வழியில் விழித்தார்.

"கண்ணத் தொறந்தேன், ஒரே நட்சத்திரமா இருக்குது. சரி, முடிஞ்சிச்சி, மேல வந்துட்டோம்னு நெனச்சேன். அப்பறம் லெஃப்ட்ல திரும்புன. உன் ஹாரன் கேட்டுச்சி."

சிரித்தேன். கோபமும் வந்தது.

ஜூலை 19, சனி

பெரியவர் லூயிஸ் வந்து இறங்கினார். காருக்குள் தலையை விட்டதும் கை தன்னால் நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டது. பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தார். "இது என்னம்மா, காரா, மாதா கெபியா?" வீடு சேருவதற்குள் காரை வாங்க வியாழக்கிழமை ஒரு பார்ட்டி வந்து பார்க்கும் என்றும் சொல்லிவிட்டார். நெல்சன் என்னை முறைத்தார். நான் கேட்கவில்லை. என் நாக்குக்கு நானே ஒரு குண்டூசி குத்தினேன்.

ஜூலை 24, வியாழன்

பார்ட்டியின் பெயர் அப்துல் கஃபார். இரும்புக் கடைக்காரர், வயதானவர். தன் மகள் ஓட்டிப் பழக ஒரு கார் வேண்டுமாம். இஞ்சினைக் கேட்டார், டயரை உதைத்தார், பின்கதவைத் திறந்தார். அங்கேயே நின்றார்.

"இது மாதா கோயில் துணியாச்சே. நான் வாங்குனா இதப் பிரிக்கணும். பிரிக்கிற கை என் கையா இருக்க வேணாம் சார்."

"பாய், வேற துணி நான் போட்டுத் தரேன்" என்றார் பெரியவர்.

"வேணாம் சார், மனசு வரல."

துணி ஒரு சாக்கு. அவர் பார்த்தது பின்சீட்டில் கிடந்த தலையணையை, கால்மாட்டில் இருந்த வாந்தி பக்கெட்டை. போகும்போது என்னிடம் மட்டும், "வீட்டுக்காரருக்காம்மா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

ஜூலை 25, வெள்ளி

நானும் வரேன் என்று பெரியவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நான்கு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது தம்பியோடு பின்சீட்டில் ஏறி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 28, திங்கள்

பெயர் மாற்றும் ஃபாரத்தைப் பெரியவரே வாங்கி வந்தார். யாரும் கேட்கவில்லை. மேசையில் விரித்துக் கண்ணாடியை மாட்டினார்.

"வொலா, இதோ. உன் பேருல எழுதிடறேன் நெல்சா."

"அவ பேருல எழுதிடுண்ணா" என்றார் இவர், பேப்பர் படித்துக்கொண்டே. "அப்பறம் இன்னொரு வாட்டி மாத்த அவதான் தனியா அலையணும்."

பேனா நின்றுவிட்டது. காபி போடுகிறேன் என்று எழுந்து போனேன். வீட்டில் பால் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

புதுப்பித்த ஆர்சி வந்துவிட்டது. உரிமையாளர்: அகஸ்டினா, அதாவது நான். கோரிமேட்டிலிருந்து திரும்பும்போது பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"காருக்கு எத்தன வருஷம் குடுத்திருக்கான்?"

"அஞ்சு."

கண்ணாடியில் பார்த்தேன். அண்ணாந்து படுத்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது மூலையில் துணி மறுபடி ஒட்டு விட்டிருந்தது.

"பரவால்லயே" என்றார். "அந்த மூலைய மட்டும் வேம்புகிட்ட சொல்லி ஒட்டிடு. மத்ததெல்லாம் அஞ்சு வருஷம் தாங்கும்."

சிக்னலில் பச்சை விழுந்தும் நான் எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் விடாமல் ஹாரன் அடித்தான். அவன் ஹாரன் நேராகப் போகும்போதும் அடிக்கிறது.