நல்ல ரத்தம்

14-3-1962, இரவு ஒன்பதரை. இன்று லேபில் பார்த்த ரத்தம் பதினேழு.

வெண்ணந்தூர் பொன்னம்மாவுக்கு மார்பில் புற்றுக்கட்டி. அது ஈரலுக்குப் பரவியிருக்கிறதா என்று ரத்தத்தில் என்சைம் சோதனை செய்தேன். பரவிய அறிகுறி இல்லை. "ரத்தம் நல்லா இருக்கு" என்று அவள் புருஷனிடம் சொன்னேன். சாயங்காலம் வார்டுக்குப் போய்ப் பார்த்தால் அவர் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் பரவலைய்யா. அதனாலதான் இப்பவே ஆபரேஷன் செய்யணும்!"

"நல்லா இருக்கறவளை எதுக்குங்க சாமி அறுக்கோணும்? ஊட்டுக்குப் போறமுங்க."

கத்திப் பார்த்தேன். கும்பிடு போட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறிவிட்டார்கள்.

நாளை செய்ய வேண்டியவை:

1. விடிந்ததும் டாக்டரிடம் சொல்லி, அவள் கட்டிலை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைக்க வேண்டும்.

2. அடுத்த பஸ்ஸில் வெண்ணந்தூர்.

3. புருஷனை விட்டுவிட்டு அவளிடமே பேச வேண்டும். என்ன வியாதி என்று இதுவரை யாரும் அவளிடம் சொல்லவே இல்லை.